செம்பு கலந்த பொன்: கைலி மினோக்கின் 'கோல்டன்' இசைத்தொகுப்பு - ஒரு மதிப்பீடு

இந்த ஆண்டு மலருக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் மலர்க்குழு நண்பர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்கள். "வழக்கமாக நிகண்டு, கல்வெட்டு என்று எழுதுவீர்கள். இது என்ன ஐயா, இங்கிலீஷ் பாப் பாடகியா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அறுபதைத் தாண்டிய பாத்திரக் கடைக்காரன் மேல்நாட்டுப் பாட்டைப் பற்றி எழுத வந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு படைப்பை மதிப்பிடும் முறை எந்த ஊருக்கும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். சொன்ன பொருள் என்ன, சொன்ன விதம் என்ன, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா என்று பார்ப்பதே அது. செய்யுளுக்கும் அதேதான், சினிமாப் பாட்டுக்கும் அதேதான்.

இதற்குக் காரணம் என் பேத்தி. கல்லூரி விடுமுறையில் கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பில் போட்டுக் கொடுப்பாள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். "என்னம்மா கேக்குறே?" என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான் தாத்தா. நம்ம ரஹ்மானுக்குப் பாடினவங்க" என்றாள். உண்மைதான். 2009இல் வந்த 'ப்ளூ' என்ற இந்திப் படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில், சோனு நிகமுடன் 'சிகி விகி' என்ற பாட்டைப் பாடி ஆடிய ஆஸ்திரேலியப் பாடகிதான் கைலி மினோக். அப்போது டிவியில் அந்தப் பாட்டைப் பார்த்திருப்போம். மின்னும் ஆடை, மின்னும் சிரிப்பு. பார்த்தோம், மறந்தோம்.

அந்தப் பாடகி 9 ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயது நிறைவதற்கு 7 வாரம் இருக்கும்போது ஒரு தொகுப்பை வெளியிட்டார். பெயர் 'கோல்டன்'. வெளியான நாள் 6 ஏப்ரல் 2018. மொத்தம் 12 பாட்டு. மினுமினுப்புக்குப் பேர்போன ஒருவர், எளிமைக்குப் பேர்போன அமெரிக்கக் 'கன்ட்ரி' இசையின் வாசலில் போய் நின்று, தன் மனத்தில் உள்ளதைச் சொல்லிப் பார்த்த தொகுப்பு அது. வந்த நாளிலிருந்தே அதன்மேல் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. இது உண்மையா, வேஷமா? அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடகியின் முன்கதை

கைலி மினோக் 28 மே 1968 அன்று மெல்போர்னில் பிறந்தவர். முதலில் நடிகையாகத்தான் அறிமுகமானார். 'நெய்பர்ஸ்' என்ற ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரில் 1986 முதல் சார்லீன் என்ற பெண்ணாக நடித்தார். கார் மெக்கானிக் வேலை பார்க்கும் பெண் பாத்திரம் அது. அதே புகழில் 1987இல் 'லோகோமோஷன்' என்ற பழைய பாட்டைப் பாடினார். லண்டன் சென்றார். அங்கே ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்ற மூவர் கூட்டணி தொழிற்சாலை போல வெற்றிப் பாடல்களைச் செய்து தள்ளிக்கொண்டிருந்த காலம். அவர்கள் எழுதிக் கொடுத்ததை இவர் பாடினார். புகழ் வந்தது, பணம் வந்தது. சொந்தச் சொல் மட்டும் வரவில்லை.

சொந்தச் சொல்லோடு பேச அவர் முயன்றது 1997இல். 'இம்பாசிபிள் பிரின்சஸ்' என்ற தொகுப்பில் எல்லாப் பாட்டிலும் அவர் கை இருந்தது. ஆனால் நேரம் சரியில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் இளவரசி டயானா இறந்ததால் பிரிட்டனில் தொகுப்பின் பெயரையே மாற்றி, தாமதமாக 1998இல் வெளியிட வேண்டியதாயிற்று. பிரிட்டனில் விற்பனையும் கைகொடுக்கவில்லை. 'இந்தப் பெண் ஆடினால் போதும், பேச வேண்டாம்' என்று சந்தை சொல்லிவிட்டது போல ஆயிற்று. அவரும் ஆட்டத்திற்கே திரும்பினார். 2001இல் வந்த 'கான்ட் கெட் யூ அவுட் ஆஃப் மை ஹெட்' உலகமெங்கும் ஒலித்தது.

2005 மே மாதம் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நடந்துகொண்டிருந்த இசைப் பயணத்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சைக்குப் போனார். 2006 நவம்பரில் சிட்னி மேடைக்குத் திரும்பி வந்தார். அதன்பின் வந்த தொகுப்புகளிலும் பெரும்பாலும் ஆட்டமே. உள்ளே என்ன நடந்தது என்று பாட்டில் விரிவாகச் சொன்னவர் அல்லர். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் 'கோல்டன்' ஏன் ஒரு திருப்பம் என்பது விளங்கும்.

நாஷ்வில் போன கதை

2017 தொடக்கத்தில் அவருக்கு நிச்சயமாகியிருந்த திருமணம் முறிந்தது. அந்த ஆண்டின் நடுவில், இசை நிறுவனத்தில் அவரோடு வேலை செய்பவர் சொன்ன யோசனைப்படி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகருக்குச் சென்று ஏறக்குறைய 2 வாரம் தங்கிப் பாட்டு எழுதினார்.

நாஷ்வில்லில் பாட்டு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பாட்டு எழுதுவது ஒரு தொழில், நம் தட்டார் தெரு, நெசவாளர் தெரு போல. 'மியூசிக் ரோ' என்று ஒரு பகுதியே இருக்கிறது. காலையில் 2 பேரோ 3 பேரோ முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு ஓர் அறையில் கூடுவார்கள். கையில் கிதார் இருக்கும். ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்வார், இன்னொருவர் அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடிப்பார். பல நேரம் சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். அந்த ஊரில் 'ப்ளூபேர்ட் கஃபே' என்று 1982இல் தொடங்கிய சிறு உணவகம் உண்டு. சுமார் 90 பேர் உட்காரலாம். பாட்டு எழுதியவர்களே நடுவில் வட்டமாக அமர்ந்து, அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லிப் பாடுவார்கள். கேட்பவர்கள் பேசக் கூடாது. ஆட்ட விளக்கு, மேடைப் புகை எதுவும் கிடையாது. சொல்லும் ஒரு கிதாரும்தான்.

ஹார்லன் ஹவர்ட் என்ற பாடலாசிரியர் கன்ட்ரி பாட்டுக்கு இலக்கணம் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. மூன்று கார்டும் உண்மையும் இருந்தால் போதும் என்பதே அதன் சாரம். கிதாரில் மூன்றே மூன்று சுரக்கூட்டு, மீதி உண்மை. லண்டன் ஸ்டூடியோவில் முப்பது ஆண்டு வளர்ந்த ஒருவருக்கு இது பெரிய மாற்றமாகத்தான் இருந்திருக்கும். இந்தப் பயணத்தின் பலனாக, தொகுப்பின் எல்லாப் பாட்டிலும் ஆசிரியர்களில் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது. 'இம்பாசிபிள் பிரின்சஸ்' வந்து ஏறத்தாழ 20 ஆண்டு கழித்து இரண்டாம் முறை சொந்தச் சொல்லோடு வந்தார். இம்முறை பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தொகுப்பு முதலிடம் பெற்றது.

கலப்படம் என்ற குற்றச்சாட்டு

குற்றச்சாட்டு இதுதான். அந்தக் காலத்தில் பாப் பாடகர்கள் பலர் திடீரென்று கன்ட்ரி பக்கம் சாய்ந்தார்கள். 2016 அக்டோபரில் லேடி காகா இளஞ்சிவப்புத் தொப்பியோடு 'ஜோன்' கொண்டு வந்தார். 2018 பிப்ரவரியில் ஜஸ்டின் டிம்பர்லேக் 'மேன் ஆஃப் தி வுட்ஸ்' கொண்டு வந்தார். இரண்டு மாதத்தில் கைலியும் வந்தால் 'சரி, கூட்டத்தோடு ஒருவர்' என்றுதானே சொல்வார்கள்? அதோடு, நாஷ்வில்லில் கிதாரோடு எழுதிய பாட்டுகளை லண்டனுக்குக் கொண்டுவந்து ஆட்டத் தாளம் ஏற்றினார்கள். ஸ்கை ஆடம்ஸ் என்ற தயாரிப்பாளரின் கை பல பாடல்களில் இருக்கிறது. நடன மேடையில் டாலி பார்ட்டன் வந்து நின்றால் எப்படியிருக்குமோ அப்படி என்று கைலியே தம் அளவுகோலைச் சொல்லியிருந்தார். கன்ட்ரி ரசிகருக்கு இது கலப்படம். பாப் ரசிகருக்கு இது தேவையில்லாத வேலை.

நான் வியாபாரி. லேபிளைப் பார்த்துச் சரக்கை வாங்கினால் கடை நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கலப்பு வேறு, கலப்படம் வேறு என்பதும் தெரியும். என் கடைக்கு அடுத்தது நகைக்கடை. நாற்பது ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 24 காரட் தங்கம் பிஸ்கட்டாகப் பெட்டியில் கிடக்கும், கழுத்தில் ஏறாது. மெத்தென்று இருக்கும், வளையும், தேயும். நம் வீட்டுப் பெண்கள் போடுகிற 22 காரட் என்பது ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மீதி 84 பங்கு செம்போ வெள்ளியோ. செம்பு கலந்தால்தான் அது நகை. தமிழில் நகை என்றால் அணிகலன், நகை என்றால் சிரிப்பும்தான். ஆக, ஒரு படைப்பில் கலப்பு இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த விகிதத்தில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்ட்ரி இசை மட்டும் கலக்காத தங்கமா என்ன? அதில் ஒலிக்கும் பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அமெரிக்காவுக்கு வந்த கருவி வகை. ஃபிடில் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. அழுவது போல இழையும் ஸ்டீல் கிதார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 1925இல் நாஷ்வில் வானொலியில் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியும், 1927இல் பிரிஸ்டல் என்ற ஊரில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் பாடிப் பதிவான தட்டுகளும்தான் இதை நாடறியச் செய்தன. அதாவது பிறந்த நாளிலிருந்தே அது கலப்பு. தூய்மை என்று காவல் நிற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உரைகல்லில் சில பாட்டுகள்

இனிப் பாட்டுக்கு வருவோம். முதல் பாட்டு 'டான்ஸிங்'. கைலியோடு இதை எழுதியவர்கள் ஸ்டீவ் மெக்யூவன், நேதன் சாப்மன். சாப்மன், டெய்லர் ஸ்விஃப்டின் தொடக்க காலத் தொகுப்புகளைத் தயாரித்தவர். மெதுவான கிதார் மீட்டலோடு தொடங்கி, பல்லவியில் ஆட்டப் பாட்டாக மாறுகிறது. முதலில் கேட்டால் 'ஆடப் போவோம் வா' என்கிற சாதாரணப் பாட்டு போலத்தான் இருக்கும். ஆனால் வெளியே கிளம்புவது என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடருக்கு, உலகத்தை விட்டுக் கிளம்புவது என்ற பொருளும் உண்டு. பாட்டு முழுவதும் அந்த ஒரு தொடரின்மேல்தான் நிற்கிறது. நாம் சிலேடை என்கிறோமே, அதேதான். தலைப்புத் தொடரை எடுத்து, இரண்டு பொருள் வரும்படி திருப்புவது நாஷ்வில் பாட்டுத் தொழிலின் பழைய உத்தி. அந்த உத்தியைக் கைலி தன் சொந்தச் சரக்கான ஆட்டத்தோடு சேர்த்துவிட்டார். புற்றுநோயைக் கடந்து வந்த ஒருவர், போகும்போதும் ஆடிக்கொண்டே போக வேண்டும் என்று நினைப்பதில் விளையாட்டு மட்டும் இல்லை. ஆட்டத் தாளம் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுக்குப் பொருளே கிடையாது. இங்கே செம்பு சரியான அளவில் சேர்ந்திருக்கிறது.

'எ லைஃப்டைம் டு ரிப்பேர்' காதலில் திரும்பத் திரும்பத் தோற்ற ஒருத்தியின் பாட்டு. வேகமான பாட்டு, கைதட்டலோடு போகிறது. தன் தோல்வியைத் தானே கேலி செய்துகொள்ளும் தொனி. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்லும்போது நகையை முதலாகவும் அழுகையை இரண்டாவதாகவும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் பக்கத்து வீடு என்பதை இந்தப் பாட்டு காட்டுகிறது. ஐம்பது வயதில் ஒரு பெண் 'இது உடைந்தது, இதை ஒட்டவைக்க ஓர் ஆயுள் ஆகும்' என்ற கருத்தைப் புலம்பாமல் சொல்வது எளிதல்ல.

தலைப்புப் பாட்டான 'கோல்டன்' வேறு வகை. அதில் வரும் கூவல் ஒலி, என்னியோ மோரிகோனே 1966இல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்துக்குப் போட்ட புகழ்பெற்ற இசையை நினைவூட்டும். இளமை என்ற பெட்டியிலும் முதுமை என்ற பெட்டியிலும் அடங்காமல் நிற்பவர்களைப் பற்றிய பாட்டு அது. கருத்து நல்ல கருத்து. ஆனால் பாட்டாக அவ்வளவு ஆழமில்லை. கோஷம் போல நின்றுவிடுகிறது. தன்னைப் பொன் என்று சொல்லிக்கொள்வதைவிட, உரைத்துப் பார்க்கக் கல்லை நம் கையில் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ரேடியோ ஆன்'. ஏமி வேட்ஜ் என்ற பாடலாசிரியரோடு எழுதியது. காதல் போன பிறகு வானொலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் பாட்டு. இதில் வாத்தியச் சுமை குறைவு. கைலியின் குரல் மெல்லிய குரல். கன்ட்ரி பாடகிகளுக்கு இருக்கும் தழும்பேறிய கரகரப்பு அதில் கிடையாது. மற்ற பாடல்களில் இந்த மெல்லிய குரலைச் சுற்றிலும் ஓசையை அடுக்கி மறைத்துவிடுகிறார்கள். இங்கே மறைக்கவில்லை. மூச்சு வாங்கும் இடம்கூடக் கேட்கிறது. அந்தக் குரலின் குறையே அந்தப் பாட்டின் நிறைவாகிவிடுகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்டாப் மீ ஃப்ரம் ஃபாலிங்' இரண்டாவது பாட்டு. கைதட்டு, கிதார் மீட்டல், எல்லாம் இருக்கிறது. ஆனால் அதே பாட்டைக் கியூபாவின் 'ஹென்டே டி சோனா' இரட்டையரைச் சேர்த்து இன்னொரு வடிவிலும் அதே 2018இல் வெளியிட்டார்கள். லத்தீன் தாளத்திலும் அது அப்படியே உட்கார்ந்தது. அதாவது கன்ட்ரி சாயத்தை எடுத்துவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் அந்தச் சாயம் பூச்சுதானே? 'லிவ் எ லிட்டில்' போன்ற பாட்டுகளிலும் இதே கதை. பல்லவி வந்ததும் காலால் தரையை உதைப்பது போன்ற தாளம், கூட்டமாக ஒரு கூச்சல். நாலு பாட்டில் கேட்டால் அலுத்துவிடும். 'வேஷம்' என்று சொன்னவர்கள் இந்தப் பாட்டுகளை வைத்துச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். 'ரெய்னிங் கிளிட்டர்' அப்பட்டமான டிஸ்கோ. ஆனால் அது எதையும் மறைக்கவில்லை என்பதால் அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.

கடைசிப் பாட்டு 'மியூசிக்ஸ் டூ சேட் விதவுட் யூ'. ஜாக் சாவரெட்டியோடு சேர்ந்து பாடியது. மெதுவான இரட்டைப் பாட்டு. ஆடிக்கொண்டே போக வேண்டும் என்று தொடங்கிய தொகுப்பு, நீ இல்லாமல் இசையே பாரமாகிறது என்று ஓய்கிறது. முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் நடுவில் இத்தனை சத்தம் எதற்கு என்று புரியும். துக்கத்தில் இருப்பவர்கள் வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி.

பக்கத்தில் இன்னொரு பொன்

ஒப்பிட்டுப் பார்க்காமல் மதிப்பீடு முழுமையாகாது. 'கோல்டன்' வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 30 மார்ச் 2018 அன்று 'கோல்டன் ஹவர்' என்ற தொகுப்பு வந்தது. பாடியவர் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேசி மஸ்கிரேவ்ஸ். பெயரிலேயே இரண்டும் பொன். ஆனால் இவர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். கன்ட்ரியில் பிறந்து டிஸ்கோ பக்கம் நடந்தவர். 'ஹை ஹார்ஸ்' என்ற பாட்டில் கன்ட்ரி கேலியும் டிஸ்கோ தாளமும் கைகோத்துப் போகின்றன. 2019 பிப்ரவரியில் அந்தத் தொகுப்பு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசைப் பெற்றது.

நேர்மையாகச் சொன்னால், கலவையில் கேசியின் கை சுத்தம். சொல் முன்னே நிற்கிறது, தாளம் பின்னே வருகிறது. கைலியின் தொகுப்பில் பாதிப் பாட்டில் தாளம் முன்னே ஓடுகிறது, சொல் மூச்சிறைக்கப் பின்னால் வருகிறது. 1962இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளை எடுத்து ஒரு புகழ்பெற்ற தொகுப்பு செய்தாரே, அவரும் தொப்பி போட்டுக்கொள்ளவில்லை. தன் இசைக்குழுவோடு, தன் பாணியிலேயே அந்தப் பாட்டுகளைப் பாடினார். அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போது நம் சட்டையோடு போவதே மரியாதை என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. கைலி தன் சட்டையோடு போன 'டான்ஸிங்' ஜெயித்தது. கடன் வாங்கிய சட்டையோடு போன பாட்டுகள் தோற்றன.

ஆனால் ஒன்று. கேசிக்கு அப்போது 29 வயது. அவர் தொகுப்பில் இருப்பது புதுக் காதலின் வெளிச்சம். கைலியின் தொகுப்பில் இருப்பது பொழுது சாயும் நேரத்து வெளிச்சம். இரண்டும் மஞ்சள்தான். இரண்டும் ஒன்றல்ல.

பெயர் சொல்லாத பண்பு

இந்தத் தொகுப்பில் நான் மதிக்கும் இன்னொரு குணம் உண்டு. திருமணம் முறிந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பாட்டில் அந்த மனிதரைப் பெயர் சொல்லி ஏசியிருந்தால் இன்னும் நாலு நாள் செய்தியாகி விற்பனையும் ஏறியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அகப்பாட்டில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது ஏன்? பெயர் வந்தால் அது ஒருவர் வீட்டு விவகாரம், பெயர் இல்லாவிட்டால் கேட்பவர் எல்லோருடைய அனுபவம். மெல்போர்னில் பிறந்த பாடகிக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் துன்பத்தைப் பாட்டாக்கும்போது எதை விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் நானும் இக்கட்டுரையில் அந்தப் பெயரை எழுதவில்லை.

வயது என்ற விஷயம்

கன்ட்ரி உலகில் ஜானி கேஷ் 1994இல், 62 வயதில், ஒற்றைக் கிதாரோடு ஒரு தொகுப்பு கொடுத்தபோது உலகம் அவரை முனிவரைப் போலப் பார்த்தது. ஆணுக்கு வயதேறினால் அனுபவம் என்கிறார்கள். பாப் பாடகிக்கு வயதேறினால் 'இன்னும் ஆடுகிறீர்களா?' என்று கேட்கிறார்கள். 'கோல்டன்' தொகுப்பு அந்தக் கேள்விக்குப் பதில். பதிலின் சொற்கள் சில இடத்தில் தடுமாறலாம். ஆனால் பதில் சொல்ல வந்த துணிச்சல் உண்மை.

பிற்பாடு நடந்ததையும் பார்க்க வேண்டும். 2005இல் கிளாஸ்டன்பரி விழாவில் பாட வேண்டியவர் நோயினால் போக முடியாமல் போனார். 2019 ஜூனில் அதே விழாவின் மேடையில் ஏறினார், பேசும்போது கண்கலங்கினார். 2020 நவம்பரில் 'டிஸ்கோ' என்ற தொகுப்பு வந்தது. ஊரடங்கு காலத்தில் வீட்டிலேயே தன் குரலைத் தானே பதிவு செய்யக் கற்றுக்கொண்டார். 2023இல் 'படாம் படாம்' பாட்டு, அதற்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது. தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி ஆட்டத்திற்கே போய்விட்டாரே, அப்படியானால் கன்ட்ரி வேஷம்தானே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆற்றைக் கடக்க ஓடத்தில் ஏறினவர், கரை வந்ததும் ஓடத்தைத் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஓர் ஓடம் தேவைப்பட்டது. நாஷ்வில் அதைக் கொடுத்தது.

முடிவாக என் மதிப்பீடு இது. 'கோல்டன்' 24 காரட் அல்ல. 916ம் அல்ல. பன்னிரண்டில் நாலைந்து பாட்டுகளில் செம்பு கொஞ்சம் அதிகம். ஆனால் 'டான்ஸிங்', 'எ லைஃப்டைம் டு ரிப்பேர்', 'ரேடியோ ஆன்', கடைசி இரட்டைப் பாட்டு ஆகிய நான்கும் உரைத்தால் நிறம் மாறாதவை. புதிதாகக் கேட்பவர்கள் இந்த நான்கில் தொடங்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'ரேடியோ ஆன்' முதலில் போடுங்கள், வால்யூம் கொஞ்சம் குறைவாக.

இதை எழுதி முடித்துப் பேத்தியிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு முழு சம்மதம் இல்லை. "நீங்க ஸ்டாப் மீ ஃப்ரம் ஃபாலிங்கை ரொம்பத் திட்டிட்டீங்க தாத்தா. அது ஏமாந்து போகாம இருக்கணும்னு பயப்படற பொண்ணோட பாட்டு. பயத்துலதான் அவ்வளவு சத்தம்" என்றாள். மறுநாள் கடை திறக்கும் முன் அதை இன்னொரு தடவை கேட்டேன். பூச்சு பூச்சுதான், என் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் அவள் சொன்ன பயம் அதில் இருக்கிறது. அதை நான் முதலில் கேட்கவில்லை.